மூளையில் ரத்தக்குழாய்த் திரள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

வலிப்பு நோய் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கேவர்னோமா' என்றோ 'கேவர்னஸ் ஆஞ்சியோமா' என்றோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வீட்டில் ஒருவரும் நிம்மதியாக உறங்கவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே மூளையில் உண்டாகும் ரத்தக்குழாய்த் திரளுக்கு வழங்கும் பெயர்கள். ஆகவே இந்த இதழை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன். கடிதம் எழுதியவர்களின் நலன் கருதி அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பறையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது டெம்போரல் (காதையொட்டிய பக்கவாட்டு) பகுதியில் 12 மில்லிமீட்டர் அளவில் கேவர்னோமா இருப்பதாகச் சொன்னார்கள். இது புற்றுநோய்க் கட்டியா? இதற்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பு?
— வாசகி, திருச்சி

பதில்: இது புற்றுநோய் அல்ல. உடலின் வேறு இடங்களுக்குப் பரவும் தன்மையும் இதற்குக் கிடையாது. முதலில் இந்த அச்சத்தை நீங்களும் உங்கள் மகளும் விட்டுவிட வேண்டும்.

மூளைக்கு வரும் ரத்தம் தமனிகள் வழியாக வந்து, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளுக்குள் நுழைந்து, பிறகு சிரைகள் வழியாகத் திரும்புகிறது. மூளையின் தந்துகிகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: அவற்றின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பூட்டிக்கொண்டிருப்பதால், ரத்தத்தில் உள்ள பொருள்கள் கண்டபடி மூளைத் திசுவுக்குள் புக முடியாது. கேவர்னோமா உருவாகும் இடத்தில் இந்தப் பூட்டுகள் தளர்ந்துவிடுகின்றன. தந்துகிகள் அளவுக்கு மீறி விரிந்து, சிறு சிறு அறைகளாக ஒன்றையொன்று ஒட்டித் திரள்கின்றன. அந்த அறைகளின் சுவரில் ஒற்றை அடுக்குச் செல்கள் மட்டுமே இருக்கும். இயல்பான ரத்தக்குழாய்க்கு வலுவூட்டும் தசையிழைகளோ மீள்தன்மை கொண்ட இழைகளோ இருக்காது. அறுவை சிகிச்சையின்போது நேரில் பார்த்தால், கருஞ்சிவப்பு நிறத்தில் நன்கு கனிந்த முசுக்கொட்டைப் பழம் போலத் தோன்றும்.

இதற்குள் ரத்தம் மிக மெதுவாகவே நகர்கிறது, அழுத்தமும் மிகக் குறைவு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கேவர்னோமாவின் மற்ற குணங்கள் எல்லாம் எளிதில் விளங்கிவிடும். அழுத்தம் குறைவு என்பதால் அது பெரும்பாலும் வெடிப்பதில்லை, கசிகிறது. சிவப்பணுக்கள் சிறிது சிறிதாகச் சுற்றியுள்ள திசுவுக்குள் இறங்கிச் சிதைகின்றன. அவற்றிலிருந்த இரும்புச் சத்து மட்டும் அங்கேயே படிந்து, திரளைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கறுப்பு வளையம் இந்த இரும்புப் படிவுதான். நரம்புச் செல்களுக்கு அருகில் தங்கும் இரும்பு அவற்றை எரிச்சலூட்டி, தேவையற்ற நேரத்தில் மின்னூட்டத்தை வெளிப்படுத்தத் தூண்டுகிறது. இதனால்தான் பெரிய ரத்தப்போக்கு எதுவும் நிகழாமலேயே உங்கள் மகளுக்கு வலிப்பு வந்திருக்க முடியும். பெருமூளையின் மேலடுக்கான புறணியில், குறிப்பாக டெம்போரல் பகுதியில், அமைந்த கேவர்னோமாக்களே வலிப்பை அதிகம் உண்டாக்குகின்றன.

கேவர்னோமாவால் ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மீண்டும் வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்பதால், இரண்டாவது வலிப்புக்காகக் காத்திராமல் முதல் வலிப்பிலேயே மாத்திரை தொடங்குவது வழக்கம். உங்கள் மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், நலமாக இருக்கிறாளே என்று எண்ணி இடையில் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை, போதுமான உறக்கம், தனியாக நீச்சலுக்குச் செல்லாமை, குளியலறைக் கதவை உள்ளிருந்து தாழிடாமை ஆகியவற்றில் இப்போதைக்கு உறுதியாக இருங்கள். இரு சக்கர வண்டி ஓட்டுவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் உரிமம் கோரும் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கப்படுகிறது. அதற்கு உண்மையான பதில் அளிப்பது அவளுக்கும் சாலையில் செல்லும் மற்றவர்களுக்கும் நல்லது.

வலிப்பை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் 1988-இல் 10.49 நொடிகள் என்ற உலகச் சாதனையை நிகழ்த்திய அமெரிக்க வீராங்கனை ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், 1998 செப்டம்பரில் தம் 38-ஆவது வயதில் உறக்கத்திலேயே இறந்தார். அவருடைய மூளையில் கேவர்னஸ் ஆஞ்சியோமா இருந்தது உடற்கூறாய்வில் தெரியவந்தது. ஆனால் அவரது உயிரைப் பறித்தது ரத்தக்கசிவு அன்று. உறக்கத்தில் வந்த வலிப்பும் அதனால் ஏற்பட்ட மூச்சுத்திணறலுமே. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. ஸ்கேனில் தெரியும் திரளின் அளவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு, வலிப்பு மாத்திரையை மறந்துவிடும் குடும்பங்கள் இருப்பதால் சொல்கிறேன்.

மாத்திரைகளால் வலிப்பு அடங்கவில்லை என்றாலோ, எளிதில் எட்டக்கூடிய இடத்தில் திரள் அமைந்திருந்தாலோ அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். வலிப்புக்கு இந்தத் திரளே காரணம் என்று உறுதியான நோயாளிகளில், அதை அகற்றிய பின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிப்பிலிருந்து விடுபடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வலிப்புடன் காலம் கடத்தியவர்களைவிட, விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைக்கிறது. இடது டெம்போரல் பகுதி பேச்சுக்கும் நினைவாற்றலுக்கும் உரிய இடம் என்பதால், அறுவைக்கு முன் அவற்றுக்கான சோதனைகளைச் செய்து பார்ப்பார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். தலைச்சுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில், வலது முன்மூளையில் கேவர்னோமா இருப்பதாக வந்தது. தலைச்சுற்றலுக்குக் காது நரம்புதான் காரணம், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் உறவினர்கள், 'தலைக்குள் வெடிகுண்டை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது, உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்' என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் உறவினர்கள் அன்பினால் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் அவர்கள் மூன்று வேறு நோய்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அனியூரிசம் என்பது தமனி கிளைபிரியும் இடத்தில் சுவர் பலவீனமாகிப் புடைத்து நிற்பது. அது உடைந்தால், வாழ்நாளில் கண்டிராத கடுமையான தலைவலியுடன் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஏ.வி.எம். எனப்படும் தமனி-சிரைப் பின்னலில், இடையே இருக்க வேண்டிய தந்துகிகள் இல்லாமல், தமனியின் முழு அழுத்தமும் நேரடியாகச் சிரைக்குள் பாய்கிறது. அதில் ரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. அப்படி ஏற்படும் ரத்தப்போக்கும் அழுத்தத்துடன் நிகழும். கேவர்னோமா இவ்விரண்டிலும் சேராதது. ரத்த ஓட்டம் அத்தனை மெதுவாக இருப்பதால், மற்ற இரண்டையும் தெளிவாகக் காட்டிவிடும் ஆஞ்சியோகிராமில் இது பெரும்பாலும் தெரிவதே இல்லை. எம்.ஆர்.ஐ. பரவலாக வருவதற்கு முன் பலர் இதைச் சுமந்துகொண்டு, அறியாமலேயே முழு ஆயுளும் வாழ்ந்து மறைந்தார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும் என்பது உடற்கூறாய்வுகளிலிருந்து தெரியவந்த கணக்கு.

சரி, கசிவதற்கான வாய்ப்பு எவ்வளவு? இதற்கு மிக நம்பகமான விடை 2016-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து கிடைத்தது. பல நாடுகளைச் சேர்ந்த 1,620 நோயாளிகளின் தகவல்களை ஒன்றுசேர்த்து, அறுவை செய்யாமல் இருந்த காலத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அதில் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் மொத்தத்தில் 15.8 விழுக்காடு. ஆனால் இந்த மொத்தக் கணக்கை யாரும் தமக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பேன். ஏனென்றால், திரள், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து, முன்பு கசிவோ அதற்குரிய நரம்புப் பாதிப்போ இல்லாதவர்களில் அது 3.8 விழுக்காடு மட்டுமே. மூளைத்தண்டில் இருந்து, ஏற்கெனவே கசிந்தும் இருந்தவர்களிலோ அது 30.8 விழுக்காடு. ஒரே பெயருள்ள நோய்க்குள் எட்டு மடங்கு வேறுபாடு இருக்கிறது. வயதோ, ஆணா பெண்ணா என்பதோ, திரள்கள் எத்தனை என்பதோ இந்தக் கணிப்பை மேலும் மாற்றவில்லை. இடமும் முன்வரலாறுமே தீர்மானிக்கின்றன.

நீங்கள் முதல் வகையைச் சேர்ந்தவர். அதாவது உங்களைப் போன்ற நூறு பேரில் 96 பேருக்கு ஐந்து ஆண்டுகளில் எந்தக் கசிவும் நேர்வதில்லை. கசிந்தாலும், இதனால் உயிரிழப்பது அரிது. அறிகுறிகள் தோன்றிப் பிறகு மெல்லத் தேறுவதே பெரும்பான்மை. இந்த நிலையில் மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவையின் ஆபத்து, கசிவின் ஆபத்தைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். அறிகுறியே இல்லாத ஒற்றைத் திரளுக்கு அறுவை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. உறவினர்கள் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

கண்காணிப்பு என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துச் செலவு செய்வதும் அன்று. புதிய அறிகுறி தோன்றும்போது தாமதமின்றிப் படமெடுப்பதுதான் முக்கியம். திடீரென ஒரு கை அல்லது கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறுதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், வழக்கத்துக்கு மாறான கடும் தலைவலியுடன் வாந்தி, வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இலேசான அறிகுறி வந்து தானாகச் சரியாகிவிட்டாலும், அதை விட்டுவிடாமல் சி.டி. என்றால் ஒரு வாரத்துக்குள்ளும், எம்.ஆர்.ஐ. என்றால் இரண்டு வாரத்துக்குள்ளும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு எடுத்தால், புதிதாகக் கசிந்ததா பழைய படிவா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் உறவுமுறைத் திருமணம், அவர் என் தாய்மாமன் மகன். எங்கள் பத்து வயது மகனுக்கு மூளையில் மூன்று இடங்களில் கேவர்னோமா இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று மாமியார் வீட்டில் என்னைக் குறை சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்து வருந்தினேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உறவுமுறைத் திருமணம் இதற்குக் காரணம் அல்ல.

சொந்தத்தில் மணம் செய்வதால் அதிகமாகும் நோய்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில், பழுதான மரபணுவின் இரண்டு படிகள், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, குழந்தைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும்; ஒரே பாட்டனார் வழியில் வந்த இருவர் மணக்கும்போது அதற்கு வாய்ப்புக் கூடுகிறது. குடும்பவழிக் கேவர்னோமா அப்படியல்ல. பெற்றோரில் யாராவது ஒருவரிடமிருந்து வரும் ஒற்றைப் பழுதுப் படியே இதற்குப் போதுமானது. ஆகவே நீங்கள் முற்றிலும் அந்நியரை மணந்திருந்தாலும், உங்களில் ஒருவரிடம் அந்தப் பழுது இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சரிபாதிதான். யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருக்கவும் கூடும். இதில் தாயையோ தந்தையையோ குறை சொல்ல எந்த அடிப்படையும் இல்லை.

கேவர்னோமா உள்ளவர்களில் சுமார் ஐந்தில் நான்கு பேருக்கு அது குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல், பெரும்பாலும் ஒற்றைத் திரளாகத் தோன்றுகிறது. எஞ்சிய ஒரு பங்கினருக்கே குடும்பவழியாக வருகிறது. அவர்களுக்குத்தான் உங்கள் மகனைப் போலப் பல இடங்களில் திரள்கள் இருக்கும், ஆண்டுகள் செல்லச் செல்லப் புதியவையும் தோன்றும். இதற்குப் பொறுப்பான மூன்று மரபணுக்கள் 1999-க்கும் 2005-க்கும் இடையில் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. அவற்றை சி.சி.எம்.1, சி.சி.எம்.2, சி.சி.எம்.3 என்கிறார்கள். இந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் மூன்றும் ஒன்றுகூடி, ரத்தக்குழாய்ச் செல்களின் உள்ளே ஒரு வளர்ச்சித் தூண்டலைக் கட்டுப்படுத்தி வைக்கின்றன. அவற்றில் ஒன்று இல்லாமல்போனால் அந்தத் தூண்டல் கட்டவிழ்ந்து, நான் முதல் பதிலில் சொன்ன செல்பூட்டுகள் தளர்கின்றன.

அப்படியானால், பிறவியிலேயே உடலின் எல்லாச் செல்களிலும் பழுது இருக்கும்போது மூளை முழுவதும் திரளாகாமல் மூன்று இடங்களில் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்கலாம். மிக நல்ல கேள்வி அது. பழுதடைந்த ஒரு படிக்குத் துணையாக, நல்ல படி ஒன்று ஒவ்வொரு செல்லிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏதாவது ஒரு செல்லில் அந்த நல்ல படியும் தற்செயலாகக் கெட்டுவிட்டால், அந்தச் செல்லிலிருந்துதான் ஒரு திரள் தொடங்குகிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வுகள் அடுத்த கட்டம் ஒன்றையும் காட்டின: வேகமாக வளரும் திரள்களில், பி.ஐ.கே.3.சி.ஏ. எனப்படும் வேறொரு மரபணுவிலும் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. சில புற்றுநோய்களில் காணப்படும் அதே மாற்றம் இது. ஆயினும் கேவர்னோமா புற்றுநோயாக மாறுவதில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஒற்றையாக வரும் திரள்களிலும், அந்த இடத்துச் செல்களில் மட்டும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவை பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை.

ஒற்றைப் பழுதுப் படி எத்தனை தலைமுறைகள் பயணம் செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் சான்று. அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய ஸ்பானியக் குடும்பங்களின் வழித்தோன்றல்களிடையே, சி.சி.எம்.1 மரபணுவில் ஒரே விதமான பழுது பரவலாகக் காணப்படுகிறது. ஒரு மூதாதையரிடமிருந்து இறங்கிய அந்த ஒரு பழுது, இன்று ஒருவரையொருவர் அறியாத எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் எந்த அறிகுறியும் வருவதில்லை; அடுத்த வீட்டில் உள்ளவருக்கு இளமையிலேயே வலிப்பு வருகிறது. ஒரே பழுதாக இருந்தும் விளைவு இத்தனை வேறுபடுவதால், உங்கள் மகனின் எதிர்காலத்தை வேறொருவரின் கதையை வைத்து யாரும் கணிக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது, மரபணு ஆலோசனை வழங்கும் ஒரு மருத்துவமனைக்குச் சென்று மகனுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது. எந்த மரபணு என்று தெரிவது முக்கியம். சி.சி.எம்.3 என்றால் இளம் வயதிலேயே கசியும் வாய்ப்பு மற்ற இரண்டையும்விடக் கூடுதல் என்பதால், கண்காணிப்பும் சற்று நெருக்கமாக இருக்க வேண்டும். பழுது உறுதியானால் உங்கள் இருவருக்கும், விரும்பினால் மற்றக் குழந்தைகளுக்கும் அதே சோதனையைச் செய்யலாம். இன்னொரு குழந்தை பற்றி எண்ணியிருந்தால், முடிவெடுக்கும் முன் அந்த ஆலோசனையைப் பெறுங்கள்.

கேள்வி: மனஅழுத்தம், ரத்தக்கொதிப்பு, செல்போன் ஆகியவற்றால் கேவர்னோமா வருமா? உணவில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?
— வாசகர், சேலம்

பதில்: முதல் மூன்றாலும் வராது. புறக்காரணங்களில் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது ஒன்றுதான்: குழந்தைப் பருவத்தில் புற்றுநோய்க்காகத் தலைக்கோ முதுகுத்தண்டுக்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து, கதிர் பட்ட இடத்தில் கேவர்னோமாக்கள் தோன்றலாம். மார்புக்கு எடுத்த எக்ஸ்ரேயையோ தலைக்கு ஒருமுறை எடுத்த சி.டி.யையோ நினைத்து இங்கே அஞ்ச வேண்டியதில்லை. சிகிச்சைக்குத் தரும் கதிர்வீச்சின் அளவு அவற்றைவிடப் பன்மடங்கு பெரிது.

உணவைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. குடலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்களின் வெளியுறையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள், மூளை ரத்தக்குழாய்ச் செல்களைத் தூண்டி எலிகளில் கேவர்னோமா உருவாவதை விரைவுபடுத்துகிறது என்று 2017-இல் கண்டறிந்தார்கள். பின்னர் நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களும் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருப்பது தெரியவந்தது. இருந்தாலும், இதை வைத்து இன்ன உணவை உண்ணுங்கள், இன்னதை விலக்குங்கள் என்று சொல்லும் நிலைக்கு மருத்துவம் இன்னும் வரவில்லை. இதற்கென்று விற்கப்படும் எந்தப் பொடியையும் சூரணத்தையும் வாங்கிப் பணத்தை இழக்க வேண்டாம். கசிவைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட ஆங்கில மருந்தும் இன்றுவரை இல்லை. ப்ரொப்ரனலால் உள்ளிட்ட சில மருந்துகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவான பலன் கிட்டவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது; ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். இப்போது மூளையில் கேவர்னோமா இருப்பது தெரிந்ததும், ரத்தம் கசிந்துவிடும் என்று பயந்து அவரே இரண்டு நாளாக மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சரியா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரைகூட அவர் காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கிடைத்தவுடனேயே தங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பியிருக்கிறேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்தை உறையவிடாத மருந்து, கசியும் தன்மையுள்ள திரளில் கசிவை அதிகமாக்கும் என்று எண்ணுவது இயல்பானது. ஆனால் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய மருந்துகளை உட்கொண்ட கேவர்னோமா நோயாளிகளுக்குக் கசிவு கூடுதலாக ஏற்படவில்லை. மாறாகக் குறைவாகவே இருந்தது. திரளுக்குள் ரத்தம் தேங்கி உறைவதும் கசிவைத் தூண்டும் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். கசிவைத் தடுக்க ஆஸ்பிரின் சாப்பிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இதயத்துக்கோ, அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்கோ உறுதியான தேவை இருக்கும்போது, கேவர்னோமாவைக் காரணம் காட்டி அதை நிறுத்திவிடக் கூடாது என்பதே இதன் பொருள். ஸ்டென்ட் வைத்த ஒருவர் தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு வரும் ஆபத்து உடனடியானது. அண்மையில் கசிந்த திரள், மூளைத்தண்டுத் திரள் ஆகியவை இருந்தால் மட்டும், இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். கேவர்னோமா இருப்பதால் கர்ப்பம் ஆபத்தா? சிசேரியன்தான் செய்ய வேண்டுமா? வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன்.
— வாசகி, ஈரோடு

பதில்: கர்ப்பகாலத்தில் கசிவு கூடுகிறதா என்று பார்த்த பெரிய ஆய்வுகளில், மற்ற காலங்களைவிட அது கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. கேவர்னோமா இருக்கிறது என்பதற்காக மட்டும் கர்ப்பத்தைத் தவிர்க்கவோ, சிசேரியன் செய்யவோ தேவையில்லை. அண்மையில் கசிந்திருந்தால் மட்டும் பிரசவ முறையைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் மாத்திரைதான். வால்ப்ரோயேட், கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டுக்கும், பிற்காலத்தில் அறிவுவளர்ச்சிக் குறைவுக்கும் காரணமாகக்கூடிய மருந்து. கருத்தரித்த பிறகு மாற்றினால், முதல் சில வாரங்களிலேயே நிகழும் பாதிப்பைத் தடுக்க முடியாது. ஆகவே முயற்சியைத் தொடங்கும் முன்பே உங்கள் நரம்பியல் மருத்துவரைச் சந்தித்து, லெவெடிராசெட்டம் அல்லது லாமோட்ரிஜின் போன்ற மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையையும் அவர் சொல்லும் அளவில் முன்கூட்டியே தொடங்குங்கள். ஆனால் அதுவரை வால்ப்ரோயேட்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிக்கு வரும் வலிப்பு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்கு வலிப்பு வந்தபோது சி.டி. எடுத்து, மூளையில் புழுக்கட்டி என்று சொல்லி ஆல்பெண்டசால் கொடுத்தார்கள். மீண்டும் வலிப்பு வந்ததால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இப்போது கேவர்னோமா என்கிறார்கள். யார் சொல்வது சரி? நாங்கள் சைவம், புழு எப்படி வரும் என்று அப்போதே கேட்டோம்.
— வாசகி, வேலூர்

பதில்: முதலில் பார்த்த மருத்துவரைத் தவறாக எண்ண வேண்டாம். நம் நாட்டில் இளைஞர் ஒருவருக்கு வலிப்பு வந்து, சி.டி.யில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால், நாடாப்புழுவின் முட்டையால் உண்டாகும் சிறு கட்டி அல்லது காசநோய்க் கட்டி என்பதே முதலில் நினைவுக்கு வரும், வந்தாகவும் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கான விதிகளை 1990-களில் வகுத்து உலகுக்கு அளித்தவர்களே உங்கள் ஊர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள்தாம். சைவ உணவு உண்பவர்களுக்கும், மனிதக் கழிவு கலந்த நீரிலோ சரியாகக் கழுவாத காய்கறியிலோ இருக்கும் முட்டைகள் வழியாக இது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேவர்னோமா சி.டி.யில் பெரும்பாலும் ஒரு வெண்புள்ளியாகவே தெரியும். சில வேளைகளில் தெரியாமலும் போகும். அது சுண்ணம் படிந்த புழுக்கட்டியா, கேவர்னோமாவா என்று சி.டி.யை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். இங்கே மூன்று செய்திகள் உதவும். புழுக்கட்டியைச் சுற்றி, அது அழியும் காலத்தில், நீர்க்கட்டு இருக்கும், மாதங்கள் செல்லச் செல்ல அது சுருங்கி மறையும் அல்லது சுண்ணமாகும். கேவர்னோமா அண்மையில் கசியாத வரையில் சுற்றிலும் நீர்க்கட்டு இருக்காது, மருந்தினாலோ காலத்தினாலோ மறைவதும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இரும்பைக் காட்டும் சிறப்புவகைப் படத்தில் அதன் நடுப்பகுதி கலப்பு நிறமாகவும், சுற்றிலும் முழுமையான கறுப்பு வளையத்தோடும் தெரியும். உங்கள் தம்பியின் பழைய சி.டி.யையும் புதிய எம்.ஆர்.ஐ.யையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் அதே இடத்தில், அதே அளவில் நின்றிருந்தால் அதுவே பெரிய சான்று.

இந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபது வயதைக் கடந்த ரத்தக்கொதிப்பு நோயாளியின் எம்.ஆர்.ஐ.யில் பல சிறு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் நுண்குழாய்களிலிருந்து ஏற்பட்ட பழைய நுண்கசிவுகளாகவே இருக்கும். அதைக் குடும்பவழிக் கேவர்னோமா என்று முடிவுகட்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கக் கிளம்புவது வீண் செலவு, வீண் கலக்கம்.

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. மூளைத்தண்டில் கேவர்னோமா. ஓராண்டுக்குள் இரண்டு முறை கசிந்துவிட்டது. பார்வை இரட்டையாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது. ஒரு மருத்துவர் உடனே அறுவை என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். எங்களுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: மதுரை வாசகருக்குச் சொன்ன ஆறுதல் மொழியை உங்களுக்குச் சொல்ல முடியாது. கட்டைவிரல் பருமனே உள்ள மூளைத்தண்டின் வழியாகத்தான் கைகால்களுக்குச் செல்லும் எல்லா நரம்பிழைகளும் இறங்குகின்றன. கண் அசைவு, விழுங்குதல், மூச்சு, விழிப்பு ஆகியவற்றை ஆளும் மையங்களும் அங்கேயே நெருங்கி இருக்கின்றன. முன்மூளையில் கசிந்தால் தெரியாமலே போகக்கூடிய அதே அளவு ரத்தம் இங்கே கசிந்தால், இரட்டைப் பார்வையும் தள்ளாட்டமுமாக வெளிப்படுகிறது.

இரண்டு மருத்துவர்களின் கருத்துக்கும் நியாயம் இருக்கிறது. கசிவுகள் ஆண்டுகளில் சீராகப் பரவி நிகழ்வதில்லை, கூட்டமாக வருகின்றன. ஒருமுறை கசிந்த பிறகு சுமார் இரண்டு ஆண்டுகள் மீண்டும் கசியும் வாய்ப்பு உயர்ந்து நின்று, அதன் பின் தானாகவே தணிகிறது. பொறுத்துப் பார்க்கலாம் என்பவர், அந்தக் காலத்தைக் கடந்துவிட்டால் அறுவையின் ஆபத்து இல்லாமலேயே அவர் தேறக்கூடும் என்று எண்ணுகிறார். உடனே அறுவை என்பவர், ஓராண்டுக்குள் இரண்டாவது முறையும் கசிந்துவிட்டதே, ஒவ்வொரு கசிவும் முந்தைய குறைபாட்டின் மேல் புதிய குறைபாட்டைச் சேர்க்குமே என்று எண்ணுகிறார். அறிகுறிகளுடன் இரண்டாவது முறை கசிந்த மூளைத்தண்டுத் திரளுக்கு அறுவையைப் பரிசீலிப்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வழி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனால் ஸ்கேனைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்வது முறையாகாது.

முடிவு ஒன்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது: திரள் மூளைத்தண்டின் மேற்பரப்பை எட்டியிருக்கிறதா, அல்லது நல்ல திசுவைக் கடந்துதான் அதை அடைய முடியுமா? மேற்பரப்பை எட்டியிருந்தால், கசிந்த ரத்தமே அறுவை மருத்துவருக்கு வழியைத் திறந்து கொடுத்திருக்கும். ஆழத்தில் இருந்தால் பொறுப்பதே நல்லது. திரளுக்கு அருகில் ஒரு பெரிய சிரை இருப்பதாக அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சிரை தோற்றத்தில் விநோதமாக இருந்தாலும், நல்ல மூளைத் திசுவின் ரத்தத்தை வடிப்பது அதுதான். அறுவையின்போது அதைத் தொடாமல் காக்க வேண்டும்.

அறுவை என்று முடிவானால், முதல் சில வாரங்களில் அவர் இப்போது இருப்பதைவிட மோசமாகத் தோன்றலாம் என்பதை நீங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம், முகம் கோணுதல், தள்ளாட்டம் கூடுதல் ஆகியவை பலருக்கு நேர்கின்றன. மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சியுடன் பெரும்பாலோர் மெல்ல மீள்கிறார்கள். இதை யாரும் சொல்லாமல் விட்டதால், அறுவை கெட்டுவிட்டது என்று மனமுடைந்த குடும்பங்கள் உண்டு. காமா நைஃப் எனப்படும், திரளின் மேல் குவித்துச் செலுத்தும் கதிர்வீச்சைப் பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். கேவர்னோமாவுக்கு அதன் பலன் இன்னும் விவாதத்துக்கு உரியது; அறுவையால் எட்டவே முடியாத இடத்தில் மீண்டும் மீண்டும் கசியும் திரளுக்கு மட்டுமே அதை யோசிப்பார்கள்.

மூளைத்தண்டு அறுவையை அடிக்கடி செய்யும் குழு உள்ள ஒரு பெரிய நரம்பியல் மையத்தில் மூன்றாவது கருத்தைக் கேளுங்கள். அங்கே செல்லும்போது அறிக்கைத் தாள்களை மட்டும் கொண்டுசெல்லாமல், இரண்டு கசிவுகளின்போதும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களின் குறுந்தகடுகளையும், எந்தத் தேதியில் எந்த அறிகுறி தொடங்கியது என்று எழுதிய குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். இப்படிப்பட்ட அறுவைகளை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், என் கணவரின் திரள் மேற்பரப்பை எட்டியிருக்கிறதா, அறுவைக்குப் பின் எந்தக் குறைபாடு நிலையாகத் தங்க வாய்ப்பு உண்டு என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். அதுவரை அவர் தனியாகப் படியேறவோ வண்டி ஓட்டவோ வேண்டாம். விழுங்கும்போது புரையேறத் தொடங்கினாலோ, உறக்கக் கலக்கம் கூடினாலோ, முன்பதிவு செய்த நாளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.